சுட்டவருக்கு ஒரு பதக்கம், சுடச் சொன்னவருக்கு ஒரு பதக்கம்

2025 சுதந்திர தினத்துக்கு ராணுவ விருதுப் பட்டியல் வந்த அன்று கோபியில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். பேப்பரை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தவர், ஓரிடத்தில் நிறுத்திக் கேட்டார்: "ஏங்கண்ணு, இந்த ஏழு பேருக்கும் என்னமோ சர்வோத்தம்னு குடுத்திருக்காங்களே, இவங்கெல்லாம் எங்க போயிச் சண்டை போட்டாங்களாமா?"

போடவில்லை என்றேன். அந்த ஏழு பேரும் அப்போது லெப்டினன்ட் ஜெனரல், ஏர் மார்ஷல், வைஸ் அட்மிரல் பதவிகளில் இருந்தவர்கள். ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது வரைபடம், திரை, தொலைபேசி ஆகியவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து படைகளை நடத்தியவர்கள். சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சண்டையே போடாதவருக்கு எதுக்கு மெடலு?" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

கேள்வி நியாயமானதுதான். பதக்கம் என்றாலே குண்டடி, ரத்தம், கொடி போர்த்திய பெட்டி என்றுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. போரில் தலைமை தாங்குவதற்கும் ஆலோசனை சொல்வதற்கும் தனியாகப் பதக்கங்கள் உண்டு என்பதும், அவற்றை வீரப் பதக்கங்களிலிருந்து பிரித்து வைக்க உலகத்து ராணுவங்கள் படாத பாடு பட்டிருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. அந்தப் பாட்டின் ஒரு முக்கியமான கட்டத்தில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர் ஒருவரும் வருகிறார். அவரிடம் வருவதற்கு முன் நம் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கொங்கு நாட்டில் புலிகுத்திக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் ஈட்டியாலோ வாளாலோ புலியைக் குத்துகிறான், புலி அவன் மேல் பாய்கிறது. வயலோரத்தில், கோயில் வாசலில், சில இடங்களில் எண்ணெய் பூசிச் சாமியாகவே கும்பிடப்பட்டு நிற்கும். புலியோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் கல் நட்டது. அதே ஊரில், "புலி நடமாட்டம் இருக்கிறது, இருட்டுவதற்குள் மாட்டைப் பட்டியில் அடையுங்கள், ஆளுக்கொரு பந்தம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பத்துப் பேர் உயிரைக் காப்பாற்றிய பெரியவர் ஒருவரும் இருந்திருப்பார். அவருக்குக் கல் கிடையாது. அவர் பேச்சைக் கேட்டதால் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைக் கல்லில் எப்படிச் செதுக்குவது?

தலைமைக்கு மரியாதையே இல்லாமல் போய்விடவில்லை. காங்கேயத்துப் பக்கம் பழையகோட்டைப் பட்டக்காரர்களின் பட்டப்பெயரைப் பாருங்கள்: நல்லசேனாபதிச் சர்க்கரை மன்றாடியார். பெயருக்குள்ளேயே ஒரு சேனாபதி உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு அந்த வீட்டை நாம் அறிவது காங்கேயம் மாடுகளை வளர்த்துக் காத்ததற்காக. படை போய்விட்டது, பட்டம் நின்றுவிட்டது. இன்னும் பின்னால் போனால், சங்க காலத்து மன்னர்கள் படைத்தலைவனுக்கு ஏனாதி என்ற பட்டமும் மோதிரமும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் புறநானூற்றில் ஏனாதி திருக்கிள்ளியைப் பாட வந்த புலவர் எதைச் சொல்லிப் புகழ்கிறார்? வாள் வடு நிறைந்த உடம்போடு இருப்பதால் நீ காதுக்கு இனியவன், கண்ணுக்கு இனியவன் அல்லன் என்கிறார். பட்டம் தலைமைக்கு, பாட்டு தழும்புக்கு. சித்தப்பாவின் கேள்வி ஈராயிரம் ஆண்டுப் பழசு.

இனி இன்றைய இந்திய முறை. எளிதாகப் பார்த்தால் இதில் இரண்டு கேள்விகள்தான். செய்தது வீரச்செயலா, சேவையா? நடந்தது எதிரிக்கு எதிரான போர்க்களத்திலா, அதற்கு வெளியிலா?

எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கு பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. 1950 ஜனவரி 26 அன்று தொடங்கி, 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லும் என்று வைத்தார்கள். அதனால்தான் 1947 நவம்பரில் காஷ்மீரின் பட்காமில் இறந்த மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு முதல் பரம் வீர் சக்ரா கொடுக்க முடிந்தது. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. இவை 1952இல் அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ரயில் பெட்டி மாதிரி இருந்தன. 1967இல்தான் இந்தப் பெயர்கள் வந்தன.

சேவைப் பக்கம் வந்தால், 1960இல் விசிஷ்ட் சேவா மெடல் மூன்று வகுப்புகளாக வந்தது. அதுவும் 1967இல் பரம் விசிஷ்ட், அதி விசிஷ்ட், விசிஷ்ட் என்று பெயர் மாறியது. நீண்ட கால உயர்ந்த சேவைக்கு உரியவை இவை. இவற்றுக்குப் போர் தேவையில்லை. ஒரு பெரிய பணிமனையைத் திறம்பட நடத்திய ஜெனரலுக்கும் பரம் விசிஷ்ட் கிடைக்கும்.

மிச்சம் இருந்த கட்டம் போர்க்காலச் சேவை. அது 1980 வரை காலி. அந்த ஆண்டு ஜூன் 26 அன்றுதான் சர்வோத்தம் யுத் சேவா மெடல், உத்தம் யுத் சேவா மெடல், யுத் சேவா மெடல் என்ற மூன்றும் உருவாயின. சித்தப்பா பேப்பரில் பார்த்தது இந்த வரிசையின் உச்சிப் படி.

நேரில் பார்த்தால் அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சூலூரிலோ வெலிங்டனிலோ சீருடைக்காரர்களைப் பார்ப்பவர்களுக்கு உதவும். சேவைப் பதக்கங்களின் நாடா பொன் நிறம். விசிஷ்ட் வரிசை என்றால் அதில் கருநீலக் கோடு, யுத் சேவா வரிசை என்றால் சிவப்புக் கோடு. ஒரு கோடு இருந்தால் உச்சிப் படி, இரண்டு என்றால் நடு, மூன்று என்றால் கீழ்ப்படி. போலீஸ்காரர் கைப்பட்டைக்கு நேர் எதிர்க் கணக்கு: கோடு குறையக் குறைய மதிப்பு கூடும். வீரச் சக்கரங்களில் பரம் வீர் சக்ராவின் நாடா முழுக்க ஊதா, மகாவீர் சக்ரா பாதி வெள்ளை பாதி ஆரஞ்சு, வீர் சக்ரா பாதி கருநீலம் பாதி ஆரஞ்சு. அப்புறம், நெஞ்சு நிறைய நாடா இருப்பவரெல்லாம் விருது வாங்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்பது ஆண்டு சேவைக்கு ஒன்று, இருபது ஆண்டுக்கு ஒன்று, முப்பது ஆண்டுக்கு ஒன்று, சுதந்திரப் பொன்விழா ஆண்டில் பணியில் இருந்ததற்கு ஒன்று என்று வருகைப் பதிவேடு மாதிரியும் நாடாக்கள் உண்டு.

2021 டிசம்பரில் சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தபோது, ஜெனரல் பிபின் ராவத்தின் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துக்கள் ஒரு ரயில் நீளத்துக்குத் தொடர்ந்து வந்ததைப் பலர் கவனித்திருப்பீர்கள். பி.வி.எஸ்.எம்., யூ.ஒய்.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம்., ஒய்.எஸ்.எம்., எஸ்.எம்., வி.எஸ்.எம். இப்போது அதைப் படிக்கலாம். 'ஒய்' வருகிற இரண்டும் போர்ச் சூழலில் தலைமை தாங்கியதற்கு. 'வி' வருகிற மூன்றும் நீண்ட காலச் சேவைக்கு. எஸ்.எம். என்பது சேனா மெடல். இந்தச் சேனா மெடல் மட்டும் இரண்டு வேடம் போடும்: வீரத்துக்கும் கொடுப்பார்கள், கடமையுணர்வுக்கும் கொடுப்பார்கள். வில்லை ஒன்றுதான், பெயருக்குப் பின்னால் போடும் எழுத்தும் ஒன்றுதான். வித்தியாசம் காசில் தெரியும். வீரத்துக்கு வாங்கியவருக்கு மத்திய அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது, மற்றவருக்கு இல்லை. பரம் வீர் சக்ராவுக்கு அது 20,000, மகாவீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000. 2017இல் இரட்டிப்பாக்கிய தொகை இது. யுத் சேவா, விசிஷ்ட் சேவா பதக்கங்களுக்கு இந்த மாதப் படி கிடையாது. இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் மனம் ஆறியது.

1980 வரை காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தால் வந்த விளைவு 1971 வங்கதேசப் போரில் தெரிகிறது. போரை நடத்திய பெரிய பெயர்கள் என்ன வாங்கின என்று பாருங்கள். ராணுவத் தளபதி மானெக்‌ஷாவுக்குப் பத்ம விபூஷண், பிறகு ஃபீல்டு மார்ஷல் பதவி. கிழக்குப் பிராந்தியத் தளபதி அரோராவுக்குப் பத்ம பூஷண். ஹெலிகாப்டர்களில் ஆளை ஏற்றி மேக்னா ஆற்றைத் தாண்டவைத்து டாக்கா போகும் வழியைத் திறந்த சகத் சிங்குக்கும் பத்ம பூஷண். பாட்டுக்காரருக்கும் விஞ்ஞானிக்கும் கொடுக்கிற விருது அது. கௌரவத்தில் குறைவில்லைதான். ஆனால் போர் நடத்தியதற்கு என்று ஒரு ராணுவப் பதக்கத்தை எடுத்துக் கொடுக்க நாட்டின் பெட்டியில் ஒன்றும் இல்லை.

மானெக்‌ஷா பிற்காலத்தில் குன்னூரில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அவர் நெஞ்சில் இருந்த ஒரே வீரப் பதக்கம் மிலிட்டரி கிராஸ். 1942இல் பர்மாவில் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து கிடந்த இளம் கேப்டனுக்குக் கிடைத்தது. ஒரு நாட்டையே பிறக்கவைத்த போரை நடத்தியதற்கு அந்த மாதிரி ஒரு வில்லை அவருக்குக் கிடையாது.

அந்த மானெக்‌ஷாவிடம் 1969 ஜூனில் ராணுவத் தளபதிப் பொறுப்பை ஒப்படைத்தவர்தான் நான் முதலில் சொன்ன திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம்.

குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை. தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார்கள். பார்வதி கோவையின் எம்.பி. ஆனார், மோகன் பின்னாளில் காங்கிரஸில் சேர்ந்து மத்திய மந்திரி ஆனார். மூத்தவர் பிரபாகர் இங்கிலாந்தில் வூல்விச் ராணுவ அகாடமியில் படித்து, 1933இல் ராஜாவின் கமிஷன், அதாவது பிரிட்டிஷ் மன்னர் பெயரில் அதிகாரி நியமனம், பெற்ற பீரங்கிப் படை அதிகாரி. ஒரே பந்தியில் ராஜாவின் அதிகாரியும் ராஜாவை விரட்டப் பார்த்தவர்களும் சாப்பிட்ட வீடு அது. பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

பீரங்கிப் படை என்பதைச் சும்மா தாண்டிவிடக் கூடாது. 1857 கலகத்துக்குப் பிறகு, மலைகளில் இழுத்துப் போகும் சிறு பீரங்கிகள் தவிர மற்றவற்றை இந்தியர் கையில் கொடுக்க ஆங்கிலேயர் பயந்தார்கள். எழுபது எழுபத்தைந்து ஆண்டு அந்தப் பயம் நீடித்தது. இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் படையே 1935இல்தான் வந்தது. ஆக, குமாரமங்கலம் போன கதவு அப்போதுதான் ஒருக்களித்துத் திறந்திருந்தது.

1942 மே 27. லிபியப் பாலைவனம். பீர் ஹக்கீம் என்ற இடத்துக்குத் தென்கிழக்கே, வரைபடத்தில் 'பாயிண்ட் 171' என்று மட்டும் பெயர் வைத்த ஒரு மேட்டில் 3ஆவது இந்திய மோட்டார் பிரிகேட் நின்றது. அரண் வேலை முழுசாக முடியவில்லை. ஜெர்மன் தளபதி ரோமல் தன் கவசப்படையைத் தெற்கே சுற்றி வளைத்து அனுப்ப, காலையில் இத்தாலியின் ஏரியேட்டே டிவிஷனின் டாங்கிகள் அந்த மேட்டின் மேல் வந்து விழுந்தன. பிரிகேடில் இருந்தவை டாங்கி இல்லாத குதிரைப்படை ரெஜிமெண்டுகள். குதிரைக்குப் பதில் லாரி. டாங்கியை நிறுத்தக் கூடியவை முக்கியமாகப் பீரங்கிகளே. அவற்றை வைத்திருந்தது குமாரமங்கலம் இருந்த 2ஆவது இந்திய ஃபீல்டு ரெஜிமெண்ட். அவருக்கு வயது 28.

பீரங்கி அதிகாரியின் வேலையை நினைத்துப் பாருங்கள். அவர் கையில் துப்பாக்கி இருந்தாலும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டாங்கிகள் வரும். இப்போதே சுட்டால் தூரம் அதிகம், குண்டு வீண். இன்னும் விட்டால் நம் மேலேயே ஏறிவிடும். எந்த நொடியில் சுடச் சொல்வது, எந்தப் பீரங்கி எந்த டாங்கியை எடுப்பது, ஆட்கள் விழுந்த பீரங்கிக்கு எங்கிருந்து ஆள் எடுப்பது. அவர் குரல் நடுங்கினால் பீரங்கிக்காரன் கை நடுங்கும். இங்கே தலைமையும் வீரமும் இரண்டு பண்டமா, ஒன்றா?

பிரிகேட் அன்று தோற்றது. காலைப் பொழுதுக்குள்ளேயே டாங்கிகள் மேட்டைத் தாண்டிப் போய்விட்டன. சாவும் காயமுமாக நானூறுக்கு மேல், சிறைப்பட்டவர்கள் ஆயிரத்தை ஒட்டி. அந்தச் சண்டையில் காட்டிய தலைமைக்காகக் குமாரமங்கலத்துக்குக் கிடைத்தது டி.எஸ்.ஓ., அதாவது டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் ஆர்டர். தோற்ற சண்டைக்குத் தலைமைப் பதக்கம்! இதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். வெற்றி தோல்வி ஒரு பிரிகேட் எங்கே, எப்போது, என்ன தளவாடத்தோடு நிறுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்தவர்கள் வேறு யாரோ. கையில் கொடுத்ததை வைத்துக்கொண்டு அந்த மேட்டில் என்ன செய்தார் என்பதற்குத்தான் பதக்கம்.

பிறகு கைதானார். இத்தாலியில் சிறைமுகாம். அங்கே உடன் இருந்தவர்களில் யாஹ்யா கானும் ஒருவர். தப்பித்து, மறுபடி பிடிபட்டு, ஜெர்மனியில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1966இல் இவர் இந்திய ராணுவத் தளபதி ஆனார். அதே ஆண்டு யாஹ்யா கான் பாகிஸ்தான் ராணுவத் தளபதி ஆனார். ஒரே கம்பி வேலிக்குள் இருந்தவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ராஜாவின் கமிஷன் பெற்ற அதிகாரிகளில் இந்திய ராணுவத்துக்குத் தலைமை தாங்கிய கடைசி ஆள் குமாரமங்கலம்தான். 1970இல் அவருக்கும் பத்ம விபூஷண் கிடைத்தது.

இந்த டி.எஸ்.ஓ.வின் வரலாறே தலைமைக்கும் வீரத்துக்கும் நடந்த இழுபறிதான். 1886இல் விக்டோரியா ராணி தொடங்கியது. வெள்ளை எனாமல் பூசிய சிலுவை, ஓரத்தில் நீலம் வைத்த சிவப்பு நாடா. அதிகாரிகளுக்கு மட்டும். போரில் சிறந்த சேவை என்பதே தகுதி. முதல் உலகப் போர் வந்தது. பதுங்குகுழிச் சேற்றில் கிடந்தவர்கள் ஒருபுறம், பின்னால் தலைமையகத்தில் காகிதம் பார்த்த ஸ்டாஃப் அதிகாரிகள் ஒருபுறம். காகிதம் பார்த்தவர்களுக்கும் இதே பதக்கம் போனது. முன்னால் இருந்தவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1917 ஜனவரி முதல், எதிரியின் குண்டு விழும் இடத்தில் செய்த சேவைக்கு மட்டும் கொடுங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. சித்தப்பா கேட்ட அதே கேள்வியை அந்தச் சிப்பாய்களும் கேட்டிருக்கிறார்கள்.

அப்படியும் குழப்பம் தீரவில்லை. ஒரு பட்டாலியன் தளபதிக்குக் கொடுத்தால் அது தலைமைக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு இளம் அதிகாரிக்குக் கொடுத்தால், பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கைக்கு எட்டி நழுவியது என்று அர்த்தம் பண்ணினார்கள். 1945 ஜனவரியில் பர்மாவின் கங்காவ் என்ற ஊரில் நடந்த சண்டையில் திம்மய்யா, தோரட், எல்.பி. சென் ஆகிய மூன்று இந்திய பட்டாலியன் தளபதிகள் ஒரே பிரிகேடில் டி.எஸ்.ஓ. வாங்கியது முதல் வகைக்கு நல்ல உதாரணம். நூறு ஆண்டுக்கு மேல் இரண்டு அர்த்தத்தையும் சுமந்து திரிந்த அந்தப் பதக்கத்தை 1993இல்தான் பிரிட்டன் பிரித்தது: டி.எஸ்.ஓ. இனித் தலைமைக்கு மட்டும், எந்தப் பதவிக்காரருக்கும். வீரத்துக்கு வேறொரு புதிய சிலுவை. நாம் 1980இல் செய்ததை அவர்கள் பதின்மூன்று ஆண்டு கழித்துச் செய்தார்கள்.

சரி, தலைமையாவது பரவாயில்லை. ஆணையிட்டவர் யார் என்று தெரியும். ஆலோசகர் கதை இன்னும் சிக்கல்.

கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவரை எல்லாருக்கும் தெரியும். மூன்று நாளைக்கு முன்பே, "மழை வரும் போலிருக்கிறது, அடுப்பைக் கொட்டகைக்கு மாற்று, வாழையிலை நூறு கூடச் சொல்லு" என்று ஒருவர் சமையல்காரர் காதில் சொல்லிவிட்டுப் போயிருப்பார். சாப்பாடு நன்றாக இருந்தால் பெயர் சமையல்காரருக்கு. ராணுவத்தில் அந்த வேலைக்கு ஸ்டாஃப் என்று பெயர். அதைக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வெலிங்டனில் இருக்கிறது. 1971இல் கிழக்குப் பிராந்தியத்தின் ஸ்டாஃப் தலைவர் ஜேக்கப். டிசம்பர் 16 அன்று டாக்காவுக்குப் போய்ச் சரணடைவு ஏற்பாட்டை முடித்தவர். அவருக்குக் கிடைத்தது பரம் விசிஷ்ட் சேவா மெடல்.

சொந்தப் படைக்குள் ஆலோசனை சொல்பவருக்கே இப்படி என்றால், இன்னொரு நாட்டுப் படைக்குப் போய் ஆலோசனை சொல்பவர்? இதற்குப் பெரிய உதாரணம் வியட்நாம். 1964 முடிவில் அங்கே சுமார் 23,000 அமெரிக்க ராணுவத்தினர் இருந்தார்கள், பெயருக்கு எல்லாருமே ஆலோசகர்கள். ஓர் அமெரிக்க மேஜர் ஒரு வியட்நாம் பட்டாலியன் தளபதியோடு வயலிலும் சேற்றிலும் நடப்பார், அதே குண்டு அவர் மேலும் பாயும், ஆனால் ஒரு சிப்பாய்க்குக் கூட ஆணையிட அவருக்கு அதிகாரம் இல்லை. சொல்லலாம், கேட்பதும் கேட்காததும் அந்தத் தளபதி இஷ்டம். கேட்டு ஜெயித்தால் வெற்றி அவருடையது. கேட்காமல் தோற்றால் ஆலோசகர் அறிக்கை எழுதலாம்.

இந்த வேலைக்கு அமெரிக்கா கொடுத்தவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று 1942இல் தொடங்கிய லீஜன் ஆஃப் மெரிட். மிக உயர்ந்த பொறுப்பான சேவைக்கு, அதனால் இயல்பாகவே மூத்த அதிகாரிகள் பக்கம் சாயும். மற்றொன்று 1944இல் வந்த ப்ரான்ஸ் ஸ்டார், அதாவது வெண்கல நட்சத்திரம். நம் சேனா மெடல் மாதிரி இதற்கும் இரண்டு வேடம்: நாடாவின் மேல் 'வி' என்ற சிறு எழுத்து இருந்தால் வீரத்துக்கு, இல்லையென்றால் சேவைக்கு. நம்மவர்கள் பெயருக்குப் பின்னால் ஒளித்து வைத்த வித்தியாசத்தை அவர்கள் ஒரு எழுத்தால் வெளியே காட்டினார்கள். அது நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. இதற்கு மேல் தென் வியட்நாம் அரசும் தன் பங்குக்குக் கொடுத்தது. தங்கள் படையைப் பயிற்றுவித்து வளர்த்தவர்களுக்கென்றே ஆயுதப்படை கௌரவ மெடல் என்று ஒன்றை வைத்திருந்தது. அதிகாரிகளுக்கு முதல் வகுப்பு, மற்றவர்களுக்கு இரண்டாம் வகுப்பு. ஆலோசகர் வேலைக்கு மிகப் பொருத்தமான சாட்சி, ஆலோசனை கேட்டவர் தருகிற சாட்சிதானே. அந்த நாடே 1975இல் இல்லாமல் போனது. பதக்கம் மட்டும் அமெரிக்கச் சுவர்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

லீஜன் ஆஃப் மெரிட்டை வெளிநாட்டவருக்குக் கொடுக்கும்போது நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். மேல் படியான சீஃப் கமாண்டர் ஜெனரல் கரியப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது. 2020இல் அதே படி பிரதமர் மோடிக்கும் கொடுக்கப்பட்டது. படைத்தலைவருக்கும் அரசுத் தலைவருக்கும் ஒரே வில்லை போகும்போது அது பதக்கம் என்பதிலிருந்து நாட்டுக்கு நாடு செய்யும் சீர்வரிசைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

நம் நாட்டுக்குத் திரும்பினால், யுத் சேவா வரிசையில் எனக்கே இரண்டு நெருடல்கள் உண்டு.

ஒன்று, மரியாதை வரிசை. அரசு வைத்திருக்கும் பட்டியலில் சர்வோத்தம் யுத் சேவா மெடல் மகாவீர் சக்ராவுக்கு மேலே இருக்கிறது. பரம் விசிஷ்ட் சேவா மெடலும் மேலேதான். கொஞ்சம் கீழே வந்தால் உத்தம் யுத் சேவா வீர் சக்ராவுக்கு மேலே. எந்தப் பதவியில் இருப்பவரும் பெறலாம் என்று விதி சொன்னாலும், சர்வோத்தம் யுத் சேவா நடைமுறையில் மூன்று நட்சத்திரக்காரர்களுக்கே, அதாவது லெப்டினன்ட் ஜெனரல் மட்டத்தில் இருப்பவர்களுக்கே போகிறது. சிகரத்தில் ஏறிப் பதுங்குகுழியைப் பிடித்த லெப்டினன்டின் சக்கரம், அந்தப் படையை நடத்தியவரின் பதக்கத்துக்குக் கீழே. இதைச் சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேப்பரைக் கிழித்திருப்பார்.

பதவியோடு ஒட்டிக்கொண்டு வரும் சந்தேகத்தை மீறி நிற்கிற பெயர்களும் உண்டு. கார்கில் போரில் மேற்கு விமானப்படைப் பிராந்தியத்தை நடத்திய ஏர் மார்ஷல் வினோத் பட்னி சர்வோத்தம் யுத் சேவா வாங்கினார். அவர் பெயருக்குப் பின்னால் அதோடு ஒரு வீர் சக்ராவும் இருக்கிறது, 1965 போரில் இளம் விமானியாக வாங்கியது. ஒருவரே வாழ்க்கையின் இரண்டு முனைகளில் இரண்டையும் செய்திருக்கிறார். அவரிடம் எது கடினம் என்று கேட்டிருக்கலாம்.

இரண்டாவது நெருடல் தமிழர்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1987இல் இலங்கைக்குப் போன அமைதிப்படை. அங்கே அந்த ஆண்டு நவம்பர் 25 அன்று நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரி கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டுவிட்டு இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பரம் வீர் சக்ரா பெற்ற தமிழர். அதே அமைதிப்படையின் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் கல்கட் பெற்றது சர்வோத்தம் யுத் சேவா. அந்தப் போர் நம் பக்கத்தில் பலருக்கும் கசப்பான நினைவு. பரமேஸ்வரனின் சக்கரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு மனிதன் ஒரு நிமிடத்தில் என்ன செய்தான் என்பது அது. தலைமைப் பதக்கத்தை அப்படித் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. போர் சரியா தவறா என்ற வழக்கு அதன் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. பதக்கம் கொடுப்பவர்கள் போருக்குத் தீர்ப்பு எழுதுவதில்லை, கொடுத்த பொறுப்பை எப்படி நடத்தினார் என்று மட்டும் எழுதுகிறார்கள். ஆனாலும் வாங்கியவர் அந்த வழக்கையும் சேர்த்துத்தான் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விருதுக் குறிப்புகளிலும் இதே வித்தியாசம் தெரியும். வீரப் பதக்கத்தின் குறிப்பில் இடம், நாள், எத்தனை கஜம், எந்தக் கையில் காயம் என்று கதையே இருக்கும். உடுமலை தாண்டி அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஒரு பையன் அதைப் படித்தால் மனப்பாடம் ஆகிவிடும். தலைமைப் பதக்கத்தின் குறிப்பில் அப்படி எதுவும் இருக்காது. என்ன முடிவு எடுத்தார், எதை எடுக்காமல் விட்டார் என்பது பெரும்பாலும் ரகசியக் கோப்பில் இருக்கும். வெளியே வருவது உயர்ந்த தரம், தொலைநோக்கு, அர்ப்பணிப்பு என்று வழவழப்பான நாலு சொல். அதைப் படித்துவிட்டு எங்கே போய்ச் சண்டை போட்டாராம் என்று கேட்பவர்மேல் என்ன தப்பு?

அன்று ராத்திரி சாப்பிடும்போது குமாரமங்கலத்துக் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னேன். பாலைவனம், டாங்கி, சிறைமுகாம் எல்லாம் முடிந்த பிறகு, ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: "அப்ப அவரு மெடலு எந்தக் கணக்குல வருது, சண்டை போட்டதுக்கா, நடத்துனதுக்கா?"

1942இல் குடுத்ததுங்க சித்தப்பா, 1993க்கு முந்தி ரெண்டும் ஒண்ணுதான் என்றேன்.